இரண்டு பிழைகள்: வேலை மெயில்களைச் சலிக்கும் கணக்கு

திருப்பூர் ராயபுரத்தில் பனியன் கம்பெனி கேட்டுகளிலும் கரண்ட் கம்பங்களிலும் "ஆட்கள் தேவை" நோட்டீஸ் இல்லாத நாள் அபூர்வம். ஓவர்லாக் டெய்லர், பேட்லாக் டெய்லர், கட்டிங் மாஸ்டர், செக்கிங், கைமடி, பிசிர் வெட்ட ஆள் என்று வேலையின் பெயர் இருக்கும். கீழே ஒரு போன் நம்பர் இருக்கும். பேட்லாக் ஓட்டத் தெரிந்தவர் நின்று நம்பரைக் குறித்துக்கொள்வார். தெரியாதவர் நிற்காமல் போவார். ஒட்டியவருக்கு அச்சுக்கூலி, பசை, ஒட்டுகிற ஆளுக்குக் கூலி என்று ஒவ்வொரு நோட்டீஸுக்கும் செலவு உண்டு. ஆகவே ஆள் கிடைக்கும் தெரு எது என்று பார்த்துத்தான் ஒட்டுவார்.

அதே தெருக்களில் உள்ள ஏற்றுமதி அலுவலகங்களில் மெர்ச்சண்டைசராகவோ ஃபேப்ரிக் இன்சார்ஜாகவோ இருப்பவர்களுக்கு வேலை அழைப்பு மின்னஞ்சலில் வருகிறது. லேப் டிப் எனும் சாய மாதிரிக்கு பையர் ஒப்புதல் கொடுத்துவிட்டாரா என்று காலையில் மெயிலைத் திறந்தால், அதற்கு மேலே வேறு நாலு மெயில் நிற்கும். ஒன்று சூப்பர் மார்க்கெட் அலமாரியில் சரக்கு அடுக்கும் வேலை. அதற்கும் பெயர் மெர்ச்சண்டைசர்தான். இன்னொன்று இன்சூரன்ஸ் விற்க அழைக்கும். மூன்றாவது, பெங்களூருக்கு டேட்டா இன்ஜினியர் வேண்டும் என்று சொல்லும். நான்காவது, "போன வாரம் எழுதியதற்குப் பதில் வரவில்லையே" என்று உரிமையோடு விசாரிக்கும். இதில் எதையும் யாரும் உட்கார்ந்து எழுதவில்லை. பதில் வராவிட்டால் மூன்றாம் நாள் ஒரு நினைவூட்டல், ஏழாம் நாள் இன்னொன்று என்று முன்கூட்டியே நேரம் குறித்து ஒரு மென்பொருள் அனுப்புகிறது.

இவற்றை எப்படி நிறுத்துவது என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் இந்த மெயில்களைச் சலிக்கும் எந்திரம் இரண்டு விதமாகத் தவறு செய்யும் என்பதை முதலில் பார்த்துவிட வேண்டும். வேண்டாத மெயிலை உள்ளே விடுவது ஒரு தவறு. வேண்டிய மெயிலை வெளியே தள்ளுவது இன்னொரு தவறு. முதலாவதால் போவது இரண்டு விநாடி நேரம். இரண்டாவதால் ஒருவருடைய நேர்காணல் தேதி அவருக்குத் தெரியாமலேயே கடந்துபோகும். முதல் தவறைக் குறைக்க நாம் செய்யும் சில காரியங்களே இரண்டாவதை வரவழைத்துவிடுகின்றன. இந்த அத்தியாயம் முழுக்க அதைப் பற்றியதுதான்.

அனுப்புகிறவரின் கணக்கு

1978 மே 3ஆம் தேதி, டிஜிட்டல் எக்யூப்மென்ட் கார்ப்பரேஷன் என்ற அமெரிக்கக் கணினி நிறுவனத்தின் விற்பனையாளர் கேரி தர்க், தன் நிறுவனத்தின் புதிய கணினிகளைப் பார்க்க வரும்படி ஒரே செய்தியைச் சுமார் 400 பேருக்கு அனுப்பினார். அன்றைக்கு ஆர்ப்பாநெட் என்ற ஆய்வு வலைப்பின்னலில் இருந்தவர்களே மிகச் சிலர். கேட்காமல் வந்த மொத்த விளம்பர மெயிலில் முதலாவது என்று இதைத்தான் சொல்கிறார்கள். வலைப்பின்னலை நிர்வகித்த அமெரிக்கப் பாதுகாப்புத் துறை அலுவலகம் கண்டித்தது. ஆனால் ஒருமுறை தட்டச்சு செய்தால் நானூறு பேருக்குப் போகும், நானூறுக்கும் ஒன்றுக்கும் செலவில் வித்தியாசம் இல்லை என்ற உண்மை அன்றே வெளிப்பட்டுவிட்டது.

அந்தச் செலவின்மை எவ்வளவு தூரம் இழுக்கும் என்பதை 2008இல் அமெரிக்காவின் சான் டியாகோ, பெர்க்லி ஆய்வாளர்கள் அளந்து காட்டினார்கள். ஸ்பேம் அனுப்பிக்கொண்டிருந்த ஒரு கணினிக் கூட்டத்துக்குள் நுழைந்து, அது விளம்பரப்படுத்திய மருந்துக் கடையின் இடத்தில் தாங்களே ஒரு போலிக் கடையை வைத்தார்கள். 26 நாட்களில் ஏறக்குறைய 35 கோடி மெயில்கள் போயின. வாங்க முன்வந்தவர்கள் 28 பேர். ஒன்றேகால் கோடி மெயிலுக்கு ஒரு ஆள்! நோட்டீஸ் ஒட்டுகிறவர் இந்தக் கணக்கில் முதல் நாளே கடையைக் கட்டிவிடுவார். மெயில் அனுப்புகிறவருக்கு இதுவே கட்டுபடியாகிறது.

வேலை மெயில்களுக்கு மூலப்பொருள் நாம் கொடுத்ததுதான். நௌக்ரி தளம் 1997இல் தொடங்கியது. லிங்க்ட்இன் 2003இல் வந்தது. பெரிய வேலைத் தளங்களில் நாம் ஏற்றிய பயோடேட்டா ஒரு தரவுத்தளத்தில் சேர்கிறது. ஆள் தேடும் கன்சல்டன்சிகள் சந்தா கட்டி அதில் தேடுகின்றன. ஒரு தேடலில் இரண்டாயிரம் பெயர் வந்தால், அவற்றில் பொருத்தமான இருபதைப் பொறுக்குவதற்கு ஓர் ஊழியரின் அரை நாள் சம்பளம் ஆகும். இரண்டாயிரம் பேருக்கும் அனுப்பிவிட்டால் செலவே இல்லை. பொருத்தம் பார்க்கும் வேலையை அந்த இரண்டாயிரம் பேர் தலையில் கட்டியாகிவிட்டது. இதை நான் திறமை என்று ஒப்புக்கொள்ள மாட்டேன். தன் செலவை அடுத்தவர் நேரத்தில் எழுதுவது இது.

ஃபேப்ரிக்கும் ராயபுரமும்

சரி, தேடல் ஏன் இவ்வளவு தப்பாகப் பொருத்துகிறது?

தேடலின் அடிப்படைகளில் ஒன்றைப் பிரிட்டிஷ் ஆய்வாளர் கேரன் ஸ்பார்க் ஜோன்ஸ் 1972இல் எழுதினார். ஒரு சொல் எல்லா ஆவணங்களிலும் இருந்தால் அதற்கு மதிப்புக் குறைவு. சிலவற்றில் மட்டும் இருந்தால் மதிப்பு அதிகம். இந்தியாவின் எல்லா பயோடேட்டாவிலும் "எக்ஸெல்" இருக்கிறது. அதை வைத்து யாரையும் பிரிக்க முடியாது. "ஃபேப்ரிக்" அப்படியல்ல. நாடு முழுக்க எடுத்துக்கொண்டால் அரிதான சொல், ஆகவே கனமான சொல். திருப்பூரிலோ அது இல்லாத பயோடேட்டாவே இருக்காது. எந்திரம் எடை போடுவது நாட்டின் குவியலை வைத்து. நம் ஊர்க் குவியலை வைத்து அல்ல. 2023இல் மைக்ரோசாஃப்ட் தன் தரவு மென்பொருள் தளம் ஒன்றுக்கு ஃபேப்ரிக் என்றே பெயர் வைத்தது. பிளாக்செயின் துறையில் அதற்கு முன்பிருந்தே ஹைப்பர்லெட்ஜர் ஃபேப்ரிக் இருக்கிறது. இதன் பிறகு, "ஃபேப்ரிக் பிரிவில் ஆறு வருட அனுபவம்" என்று எழுதியவருக்குப் பெங்களூர் டேட்டா இன்ஜினியர் வேலை வருவதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. எழுத்துக்கு எழுத்து பொருத்தம் சரியாகத்தான் இருக்கிறது.

ஊர்ப் பெயரில் நடப்பது இதைவிட நுட்பமானது. திருப்பூரை ஆங்கிலத்தில் ஒரு 'பி' போட்டும் எழுதுகிறோம், இரண்டு 'பி' போட்டும் எழுதுகிறோம். இரண்டும் ஒன்றே என்று எந்திரத்துக்குத் தெரிய வேண்டும். அதற்கு உதவுவது ரஷ்யக் கணித அறிஞர் விளாதிமிர் லெவன்ஷ்டைன் 1965இல் வகுத்த தொலைவு. ஒரு சொல்லை இன்னொரு சொல்லாக்க எத்தனை எழுத்தைச் சேர்க்க, நீக்க, மாற்ற வேண்டுமோ அதுவே இரண்டுக்கும் இடையிலான தொலைவு. திருப்பூரின் இரண்டு ஆங்கில எழுத்துருவங்களுக்கும் இடையே தொலைவு 1. "தொலைவு 1 என்றால் ஒரே ஊர்" என்று விதி போட்டால் சிக்கல் தீர்ந்தது.

தீர்ந்ததா? சென்னையில் 1856இல் ரயில் நிலையம் திறந்த ராயபுரத்தின் ஆங்கில எழுத்தில் இரண்டாவது 'ஓ'. நம் ராயபுரத்தில் அதே இடத்தில் 'ஏ'. தொலைவு இங்கும் 1தான். திருப்பூரைச் சரியாக இணைத்த விதியே இரண்டு ராயபுரத்தையும் இணைத்துவிடும். இரண்டில் பெரிதாக அறியப்பட்டதைத் தேர்ந்தெடுக்கும் மென்பொருள் சென்னைத் துறைமுகப் பக்கத்து வேலைகளை "உங்கள் அருகில்" என்று அனுப்பிவிடும். பின்கோடு இருந்தால் இந்தக் குழப்பம் வராது. சென்னை ராயபுரம் 600013; நம்முடையது 641இல் தொடங்கும். பயோடேட்டாவில் தெருப் பெயரைக்கூட விட்டுவிடலாம், பின்கோடை விடக் கூடாது.

சுற்றியுள்ள சொற்களைப் பார்த்துப் பொருளை உணரும் மாதிரிகள் இப்போது இருக்கின்றன. 2018இல் கூகுள் வெளியிட்ட பெர்ட் அவற்றில் பெயர் பெற்றது. பக்கத்தில் "டையிங்", "காம்பாக்டிங்", "ஜிஎஸ்எம்" இருந்தால் ஃபேப்ரிக் துணிதான் என்று அதற்குப் புரியும். கருவி இருக்கிறது. தவறாக அனுப்பினால் அனுப்பியவருக்கு நஷ்டம் என்ற நிலை வராதவரை எல்லோரும் அதைப் பயன்படுத்துவார்கள் என்று நான் நம்பவில்லை.

பேயஸின் சல்லடை

இனி நம் பக்கத்துக்கு வருவோம். ஸ்பேம் வடிகட்டியின் கணக்கு இங்கிலாந்துப் பாதிரியார் தாமஸ் பேயஸ் விட்டுச்சென்றது. அவர் இறந்து இரண்டு ஆண்டு கழித்து 1763இல் அச்சானது. 1998இல் மெஹ்ரான் சஹாமியும் மைக்ரோசாஃப்ட் ஆய்வாளர்களும் அதைக் குப்பை மெயிலுக்குப் பொருத்தினார்கள். 2002இல் பால் கிரஹாம் எழுதிய ஒரு கட்டுரை அதை உலகம் முழுக்கக் கொண்டுபோனது.

ஒரு மெர்ச்சண்டைசரின் கடைசி நூறு வேலை மெயில்களை எடுத்துக்கொள்வோம். எண்கள் கணக்குப் புரிவதற்காக நான் வைப்பவை. 90 வேண்டாதவை, 10 வேண்டியவை. "அவசரம்" என்ற சொல் வேண்டாதவற்றில் 60இல் இருக்கிறது, வேண்டியவற்றில் 1இல் இருக்கிறது. அப்படியானால் "அவசரம்" என்று வந்த 61 மெயிலில் 60 குப்பை. 98 விழுக்காடு. இது எல்லோரும் எதிர்பார்ப்பதுதான்.

அடுத்து "திருப்பூர்" என்ற சொல். வேண்டிய 10இல் 8இல் இருக்கிறது. வேண்டாத 90இல் 9இல் மட்டும் இருக்கிறது. நல்ல மெயிலின் அடையாளம் என்று யாரும் சொல்லிவிடுவார்கள். எண்ணிப் பாருங்கள். "திருப்பூர்" என்று வந்தவை மொத்தம் 17, வேண்டியவை 8. பாதிக்கும் கீழே! குப்பை அவ்வளவு அதிகமாகக் குவிந்திருப்பதால், குப்பையில் பத்தில் ஒரு பங்கே அந்தச் சொல் உள்ள நல்ல மெயில்களின் எண்ணிக்கையைத் தாண்டிவிடுகிறது. இது பேயஸ் கணக்கின் மையமான பாடம். ஓர் அடையாளம் எவ்வளவு நல்லதாக இருந்தாலும், அது எந்தக் குவியலில் இருந்து வருகிறது என்பதைச் சேர்த்தே அதை எடைபோட வேண்டும்.

இரண்டு சொல்லும் ஒரே மெயிலில் வந்தால்? தொடக்கத்தில் குப்பைக்கும் நல்லதற்கும் விகிதம் 9க்கு 1. "அவசரம்" குப்பையில் 90க்கு 60, நல்லதில் 10க்கு 1; ஆக அது விகிதத்தை ஏறக்குறைய 6.67 மடங்காக உயர்த்துகிறது. "திருப்பூர்" எட்டில் ஒரு பங்காகக் குறைக்கிறது. பெருக்கினால் ஏழரைக்கு 1, அதாவது குப்பையாக இருக்க 88 விழுக்காடு வாய்ப்பு. "திருப்பூரில் அவசரமாக மெர்ச்சண்டைசர் தேவை" என்று உண்மையிலேயே ஒரு நல்ல கம்பெனி எழுதியிருந்தாலும் அதற்கு விழும் மதிப்பெண் இதுதான்.

இனி வருவது கணக்கு அல்ல, முடிவு. எந்த விழுக்காட்டுக்கு மேல் போனால் தள்ளிவிடுவது? கிரஹாம் 90 என்று வைத்தார். அதோடு நிற்கவில்லை. நல்ல மெயில்களில் ஒரு சொல் எத்தனை முறை வந்ததோ அதை வேண்டுமென்றே இரண்டால் பெருக்கிக் கணக்கில் சேர்த்தார். நல்ல மெயிலை இழப்பது குப்பையை விடுவதைவிட மிகப் பெரிய தவறு என்று அவர் கருதியதால், வேண்டுமென்றே ஒரு பக்கம் சாய்த்தார். அந்தச் சாய்வை நான் முழுமனதாக ஆதரிக்கிறேன்.

வேலை மெயிலில் இந்தச் சாய்வு இன்னும் அவசியம். லாட்டரி மெயில் என்றைக்கும் குப்பைதான். வேலை மெயில் அப்படியல்ல. 2025 ஆகஸ்ட் கடைசியில் அமெரிக்கா இந்தியப் பொருள்கள் மீதான வரியை 50 விழுக்காடு ஆக்கியது. அமெரிக்க ஆர்டரை நம்பிய யூனிட்டில் இருந்த ஒருவருக்கு, ஜூலையில் எரிச்சலூட்டிய அதே மெயில் செப்டம்பரில் தேவைப்பட்டிருக்கும். மெயிலில் ஓர் எழுத்தும் மாறவில்லை. படிப்பவர் நிலைமை மாறியது. வடிகட்டிக்கோ ஜூலையில் நாம் கற்றுக்கொடுத்ததுதான் தெரியும்.

யார் அனுப்பியது?

சொற்களை வைத்து மட்டும் முடிவெடுத்த காலம் போய்விட்டது. மொழி மாதிரிகள் இன்று உங்கள் பெயர், பழைய கம்பெனி, ஊர் எல்லாம் சேர்த்து நல்ல நடையில் மெயில் எழுதிவிடுகின்றன. ஆகவே வடிகட்டிகள் அனுப்பியவர் யார் என்பதற்கு அதிக எடை கொடுக்கின்றன.

இதில் ஒரு பழைய ஓட்டை உண்டு. 1982இல் ஜான் போஸ்டல் எழுதிய எஸ்எம்டிபி நெறிமுறைப்படிதான் இன்றும் மெயில் பயணிக்கிறது. தபாலில் உறைமேல் ஒரு அனுப்புநர் முகவரியும், உள்ளே கடிதத்தலைப்பில் வேறொன்றும் இருக்கலாம் அல்லவா? மெயிலிலும் அப்படியே இரண்டு முகவரிகள் உண்டு. அந்த நெறிமுறை இரண்டையுமே சரிபார்க்கவில்லை. ஆய்வாளர்கள் ஒருவரை ஒருவர் அறிந்திருந்த காலம் அது. பின்னால் மூன்று ஒட்டுப் போட்டார்கள். இந்த டொமைன் பெயரில் எந்தக் கணினிகள் அனுப்பலாம் என்று பட்டியலிடுவது எஸ்பிஎஃப். மெயிலில் மறையீட்டுக் கையொப்பம் இடுவது டிகிம். நம் கண்ணில் படும் முகவரியும் அந்தச் சோதனைகளில் தேறிய டொமைனும் ஒன்றுதானா என்று பார்ப்பது டிமார்க். 2024 பிப்ரவரியில் இருந்து ஒரு நாளைக்கு ஐயாயிரத்துக்கு மேல் ஜிமெயிலுக்கு அனுப்புகிறவர்களுக்கு இந்த மூன்றையும் கூகுள் கட்டாயமாக்கியது. ஸ்பேம் என்று பெறுநர்கள் குறிப்பது 0.3 விழுக்காட்டை எட்டக் கூடாது, ஒரே சொடுக்கில் விலகும் வசதி வேண்டும், விலகியவரை இரண்டு நாளில் நீக்க வேண்டும் என்றும் சொன்னது. யாஹூவும் கிட்டத்தட்ட இதே விதிகளைக் கொண்டுவந்தது.

ஆயிரத்தில் மூன்று பேர் பொத்தானை அழுத்தினாலே அனுப்பியவர் பெயர் கெடும். நம் விரலுக்கு இருக்கும் இந்தப் பலம்தான் இரண்டாவது பிழையின் பிறப்பிடமும். நீங்களே பதிவுசெய்த வேலைத் தளத்தின் தினசரிப் பட்டியலை எரிச்சலில் "ஸ்பேம்" என்று குறிக்கிறீர்கள். அதே டொமைனில் இருந்துதான் "உங்கள் விண்ணப்பத்தைப் பார்த்தோம், வியாழக்கிழமை நேரில் வரவும்" என்ற மெயிலும் வரப்போகிறது. இந்த டொமைன் எனக்கு வேண்டாம் என்று வடிகட்டிக்கு நீங்களே சொல்லியிருக்கிறீர்கள், அது கீழ்ப்படியும். அறிந்த தளமென்றால் விலகல் பொத்தானை அழுத்துங்கள், அல்லது உள்ளே போய் தினசரி அறிவிப்பை மட்டும் நிறுத்துங்கள். ஸ்பேம் பொத்தான் உங்களுக்கு அறிமுகமே இல்லாதவருக்கு. அறிமுகமில்லாதவர் மெயிலின் அடியில் இருக்கும் விலகல் இணைப்பைத் தொடவே வேண்டாம். இந்த முகவரியில் ஆள் இருக்கிறது என்று அவருக்கு அது சொல்லிவிடும். மெயிலைத் திறப்பதே சொல்லிவிடவும் கூடும். பலவற்றில் கண்ணுக்குத் தெரியாத ஒரு புள்ளி அளவு படம் இருக்கும். அது இறங்கும்போது அனுப்பியவர் கணினியில் நேரம் பதிவாகும். அமைப்புகளில் படங்கள் தானாக இறங்குவதை நிறுத்திவைக்கலாம்.

டிகிம் கையொப்பம் சரியாக இருக்கிறது என்றால் அனுப்பிய டொமைன் அதுதான் என்று பொருள். அவர் யோக்கியர் என்று பொருளல்ல. மோசக்காரரும் டொமைன் வாங்கிக் கையொப்பம் இடலாம். மைக்ரோசாஃப்ட் ஆய்வாளர் கார்மாக் ஹெர்லி 2012இல் இதில் ஒரு திடுக்கிடும் கோணத்தைக் காட்டினார். மோசக்காரருக்கும் நம்மைப் போலவே பிழைக் கணக்கு உண்டு. மெயில் அனுப்புவது இலவசம். பதில் எழுதியவரிடம் நாள்கணக்கில் பேசுவதுதான் செலவு. கடைசி நிமிடத்தில் சுதாரித்துக்கொள்கிறவர் அவருக்கு நஷ்டம். அதனால் நம்ப முடியாத சம்பளமும் பிழை மலிந்த ஆங்கிலமும் அவருக்குத் தோதாகின்றன. சந்தேகிக்கத் தெரிந்தவர்கள் தொடக்கத்திலேயே விலகிப்போய், நம்பக்கூடியவர்கள் மட்டும் மிஞ்சுகிறார்கள். அதாவது அந்த அபத்தமே அவருடைய வடிகட்டி.

அந்த வடிகட்டியில் மிஞ்சியவர்களில் நம் பிள்ளைகளும் உண்டு. தாய்லாந்தில் டிஜிட்டல் விற்பனை வேலை என்று சமூக ஊடக விளம்பரங்கள் மூலமும் ஏஜென்டுகள் மூலமும் அழைத்துப் போய், மியான்மருக்குள் கடத்தி, இணைய மோசடி வேலை செய்யவைத்த கும்பல்களைப் பற்றி 2022 செப்டம்பரில் வெளியுறவு அமைச்சகம் எச்சரித்தது. அடுத்த மாதமே அங்கிருந்து மீட்கப்பட்ட 13 தமிழர்கள் சென்னை வந்து இறங்கினார்கள். குறிவைக்கப்பட்டவர்கள் கணினி தெரிந்த இளைஞர்கள். வெளிநாட்டு வேலை என்றால், ஆள் அனுப்பும் ஏஜென்ட் 1983ஆம் ஆண்டு குடிபெயர்வுச் சட்டப்படி பதிவு பெற்றவரா என்று அரசின் இ-மைக்ரேட் தளத்தில் பார்த்துவிட்டுத்தான் பதிலே எழுத வேண்டும். பதிவுக் கட்டணம், டெபாசிட், லேப்டாப்புக்கு முன்பணம் என்று யார் கேட்டாலும் பேச்சை அங்கேயே முடித்துவிடலாம். பணம் போய்விட்டால் தாமதிக்காமல் சைபர் குற்ற உதவி எண் 1930ஐ அழையுங்கள்.

சட்டத்தின் கை இங்கே இன்னும் நீளவில்லை. வேண்டாத போன், எஸ்எம்எஸ் இரண்டுக்கும் ட்ராய் விதிகளும் 1909 எண்ணும் இருக்கின்றன. மெயில் அதில் வராது. தொந்தரவு மெயிலைக் குற்றமாக்கிய, தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவை உச்ச நீதிமன்றம் 2015 மார்ச்சில் ரத்து செய்தது. பேச்சுரிமையை நெரித்த அந்தப் பிரிவு போனது சரிதான். ஆனால் அந்த இடத்தில் ஸ்பேமுக்கென்று அளவான ஒரு சட்டம் வந்திருக்க வேண்டும். 2023ஆம் ஆண்டு டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், சம்மதம் கொடுப்பது எவ்வளவு எளிதோ அவ்வளவு எளிதாகத் திரும்பப் பெறவும் வழி வேண்டும் என்கிறது. விதிகள் 2025 நவம்பரில் வந்தன; நடைமுறை படிப்படியாக வருகிறது.

அதுவரை கையில் இருக்கும் எளிய வழி, முகவரியைப் பிரிப்பது. பையரோடு பேசும் முகவரியை எந்த வேலைத் தளத்திலும் கொடுக்காதீர்கள். வேலை தேட ஒரு தனி ஜிமெயில் வைத்துக்கொள்ளுங்கள். தளத்துக்குத் தளம் ஒரு கூட்டல் குறி சேர்த்து, "பெயர்+நௌக்ரி", "பெயர்+லிங்க்ட்இன்" என்கிற மாதிரி கொடுங்கள். எல்லாம் ஒரே பெட்டிக்குத்தான் வரும். ஆனால் கூட்டல் குறிக்குப் பின்னால் இருப்பதை வைத்து, எந்தத் தளத்தில் கொடுத்த முகவரி யார் கைக்குப் போயிருக்கிறது என்று தெரிந்துவிடும். சில படிவங்கள் கூட்டல் குறியை ஏற்காது. அங்கே சாதாரண முகவரிதான். விண்ணப்பித்த கம்பெனியின் டொமைனை, விண்ணப்பித்த அன்றே "ஒருபோதும் ஸ்பேமுக்கு அனுப்பாதே" என்று ஒரு ஃபில்டர் போட்டுவிடுங்கள். ஜிமெயிலின் ஸ்பேம் பெட்டியில் கிடப்பவை 30 நாளில் தாமாகவே அழியும். ஆகவே விண்ணப்பம் போட்டிருக்கும் மாதங்களில் ஞாயிறுதோறும் அந்தப் பெட்டிக்குள் ஒருமுறை போய், கம்பெனிகளின் பெயரைப் போட்டுத் தேடிவிட வேண்டும்.